மணல் நிலத்துக்கு எந்தக் காட்டுப்பூ: ஆவாரையா, செங்காந்தளா, செம்முள்ளியா, விஷ்ணுகிராந்தியா?

விரிஞ்சிபுரம் தொடங்கி ஆற்காடு வரையில் பாலாற்றை ஒட்டி வீடு கட்டியிருப்பவர்களுக்குத் தங்கள் தோட்டத்து மண்ணைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குடத்தைக் கீழே வைப்பதற்குள் ஈரம் இறங்கிவிடும். சித்திரையில் காலை பத்து மணிக்கு மேல் அந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்க முடியாது. போட்ட எரு இரண்டு மழைக்குள் கரைந்து எங்கோ ஆழத்துக்குப் போய்விடும். இப்படிப்பட்ட இடத்தில் ரோஜாவும் செம்பருத்தியும் வைத்து ஆண்டு முழுவதும் குழாயைத் திறந்துகொண்டிருப்பதைவிட, இந்த மண்ணிலேயே பிறந்து, ஒருமுறை வேர் பிடித்தால் பல ஆண்டுகள் நிற்கும் காட்டுப்பூ ஒன்றை வளர்ப்பதே பொருத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அந்த ஒன்று எது என்ற கேள்வி எளிதானதன்று. எங்கள் வீட்டின் முன்புறம் இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உள்ள துண்டு நிலத்தில் ஆறு ஆண்டுகளாக நான்கு செடிகளை மாற்றி மாற்றி வளர்த்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை, இதே முடிவை எடுக்கவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு செடியை விலக்கிவிட வேண்டும். மணல் நிலம் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் நித்தியகல்யாணி. சுடுகாட்டிலும் ஆற்றங்கரையிலும் தானாக முளைத்து, தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் குலுங்குவதால் அது நம்மூர்ச் செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அழகிலும் உறுதியிலும் அதற்குக் குறை ஒன்றும் இல்லை. புற்றுநோய்க்கான மருந்துகள் அதிலிருந்து எடுக்கப்படுகின்றன என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆயினும் இம்மண்ணுக்கே உரிய பூ வேண்டும் என்று தொடங்கியவர் அதில் போய் முடிப்பது முறையாகாது.

அடுத்தது மண்ணைச் சோதிப்பது. மேலே மணலாகத் தெரியும் நிலமெல்லாம் அடிவரை மணலாக இருப்பதில்லை. நேரான கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். எங்கள் மண்ணில் நான்கு விரற்கடை உயரத்துக்குப் படிந்ததில் மூன்றரை விரற்கடை மணல்தான். அதோடு நின்றுவிடாமல் இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, நீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்றும் பார்க்க வேண்டும். எங்கள் நிலத்தின் கிழக்கு மூலையில் மேலே ஒன்றரை அடி மணலும் அதன்கீழ் இறுகிய களியும் இருந்தன என்பதை இந்தச் சோதனையைச் செய்யாததால் நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய அந்த மழையின்போது, வறண்ட மண் என்று நம்பி அந்த மூலையில் வைத்திருந்த செங்காந்தள் கிழங்குகள் அனைத்தும் அழுகிப்போயின.

இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நான் கண்ட சரியான அளவுகோல் பூவின் அழகு அன்று. கத்திரி வெயிலை ஒவ்வொன்றும் எப்படிக் கடக்கிறது என்பதே அளவுகோல். ஆவாரை வேரை ஆழமாக இறக்கிப் பச்சையாகவே நின்று கடக்கிறது. செங்காந்தள் மண்ணுக்குள் கிழங்காக உறங்கிக் கடக்கிறது. செம்முள்ளி இலைகளை உதிர்த்து முள்ளும் குச்சியுமாக நின்று கடக்கிறது. விஷ்ணுகிராந்தி தரைக்குமேல் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கி, வேர்த்தலையில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டு கடக்கிறது. வைகாசியில் உங்கள் தோட்டம் எந்தக் கோலத்தில் இருந்தால் உங்களால் பொறுத்துக்கொள்ள முடியும் என்று முதலில் முடிவு செய்தால், பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

ஆவாரையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பழைய வேலூர் மாவட்டத்தோடு அதற்குள்ள உறவு மற்ற மூன்றுக்கும் இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழில் வளர்ந்ததற்கு அடியாக நின்றவற்றுள் ஆவாரம்பட்டையும் ஒன்று. பட்டையிலுள்ள துவர்ப்பொருள்தான் தோலைப் பதப்படுத்தியது. பின்னால் அயல்நாட்டு வேலம்பட்டையும் அதன்பின் குரோம் உப்பும் வந்து ஆவாரையை ஓரங்கட்டின. பட்டைக்காக ஆண்டுதோறும் வெட்டப்பட்டும் அடியிலிருந்து மீண்டும் மீண்டும் துளிர்த்த செடி என்பதால், கவாத்து அதற்கு ஒரு சுமையே அன்று. வீட்டுத் தோட்டத்தில் ஆனி மாதம், மழைக்குச் சற்று முன்பாக, மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் நான்கடி உயரத்துக்குள் அடர்ந்த புதராக நிற்கும். வெட்டாமல் விட்டால் ஆளுயரத்தைத் தாண்டிக் கால்பகுதி மொட்டையாகிவிடும்.

ஆனால் ஆவாரையில் பலரும் தோற்பது தொடக்கத்திலேயே. நானும் முதலாண்டில் நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து ஒன்றரை அடி உயரமுள்ள பன்னிரண்டு கன்றுகளை வாங்கி வந்து வைத்தேன். பையைக் கிழித்தபோது ஆணிவேர் அடியில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்ததைப் பார்த்தும், நாளடைவில் நேராகிவிடும் என்று நினைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றியவரை பன்னிரண்டும் பசுமையாக நின்றன. கோடையில் பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது ஒன்பது காய்ந்திருந்தன. பக்கத்துத் தெருவில் வசிக்கும் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "ஆவாரங்கன்னு வாங்கி வச்சா நிக்காதுப்பா, வெதையப் போடு, அது வேரைத் தானா தேடிக்கும்" என்றார். அவர் சொன்னதே சரி. மணல் நிலத்தில் நீர் எப்போதும் ஆழத்தில்தான் இருக்கும். பைக்குள் சுருண்ட வேருக்கு அந்த ஆழத்தை எட்டும் வழி தெரிவதில்லை.

விதையில் ஒரு நுட்பம் உண்டு. ஆவாரை விதையின் மேல்தோல் மிகவும் கடினமானது. அப்படியே போட்டால் சில விதைகள் அந்த ஆண்டு முளைக்கும், சில அடுத்த ஆண்டு முளைக்கும், பல முளைக்கவே முளைக்காது. ஒரு சொம்பு நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதைகளைப் போட்டு இரவு முழுவதும் அப்படியே விட வேண்டும். காலையில் பார்த்தால் சில விதைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காக ஊதி, மேல்தோல் மெழுகுபோல் மென்மையாகியிருக்கும். மற்றவை போட்டபடியே கெட்டியாகச் சொம்பின் அடியில் கிடக்கும். ஊதியவற்றை அன்றைக்கே மண்ணில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றிவிட வேண்டும். ஊதாதவற்றை அம்மிக்கல்லிலோ உப்புத்தாளிலோ ஒரு பக்கமாகத் தேய்த்து மறுபடியும் ஊற வைத்தால் அவற்றிலும் பெரும்பகுதி தேறிவிடும். ஆடியில் ஊன்றினால், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டிலும் நல்ல பங்கு பெறும் நம் பகுதியில், கோடைக்கு முன் செடிக்குத் தொடர்ந்து ஐந்து மாத ஈரம் கிடைக்கிறது. முதற்கோடையில் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை, சிறிதுசிறிதாகப் பலமுறை ஊற்றாமல், ஒரே தடவையில் ஒரு குடம் நிறைய ஊற்ற வேண்டும். இரண்டாம் கோடைக்கு அதுவும் வேண்டியதில்லை.

ஆவாரைக்குச் சாதகமாக இன்னும் ஒன்று உண்டு. அது பூவைக் கிட்டத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். அந்தப் பூவில் தேன் கிடையாது. வரும் வண்டுகளுக்கு மகரந்தம் மட்டுமே கூலி. அதுவும் மகரந்தப் பையின் நுனியிலுள்ள நுண்துளை வழியாகத்தான் வெளிவரும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடலை மட்டும் அதிரவைத்து ரீங்கரிக்கும்போது, பொடி அதன் வயிற்றில் தெறிப்பதைக் காலை வேளையில் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிர் பச்சையும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டையிடும். அவற்றின் பச்சைப் புழுக்கள் கிளையின் இலைகளைத் தின்றுவிடும். மருந்தடிக்க வேண்டாம். மூன்று வாரத்தில் செடி திரும்பத் துளிர்த்துவிடும்.

செங்காந்தள் முற்றிலும் வேறு வகை. தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற பெருமைக்கு அது முழுத் தகுதி உடையது. இதழ்கள் ஆறும் பின்னோக்கி வளைந்து தீக்கொழுந்துபோல் நிற்பதும், முதலில் பச்சை கலந்த மஞ்சளாகத் தொடங்கி நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போவதும், இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துக் குச்சியைப் பிடித்து ஏறுவதும் வேறெந்தப் பூவிலும் கிடைக்காத காட்சி. கார்த்திகையில் அது பூத்திருக்கும்போது மற்ற மூன்றையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாக வடியும் மணல் கலந்த செம்மண் அதற்கு உகந்தது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் அதை விதைக்காகவே பயிராகச் செய்வதும் அத்தகைய வறண்ட நிலங்களில்தான்.

ஆயினும் அதைத் தேர்ந்தெடுப்பவர் மூன்று செய்திகளை ஏற்றுக்கொண்டாக வேண்டும். மாசி முதல் ஆனி வரை அது இருக்குமிடமே தெரியாது. தரை வெறுமையாகக் கிடக்கும். அந்த மாதங்களில் வெறும் மண்ணாயிற்றே என்று யாரேனும் கொத்திவிட்டால் கிழங்கு உடையும். கலப்பைபோல் இரண்டு கையாகப் பிரியும் அந்தக் கிழங்கில் ஒவ்வொரு கையின் நுனியிலும்தான் முளை இருப்பதால், நுனி முறிந்த துண்டு மறுபடி எழாது. கிழங்கை எடுக்கும்போது கடப்பாரையை நெருங்க விடாமல், ஒரு முழம் தள்ளித் தோண்டி, கையால் மண்ணை விலக்கிக்கொண்டே போனால்தான் முனை தப்பும். விதையிலிருந்து வளர்த்தாலோ பூப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. செங்காந்தளின் கிழங்கு, விதை, இலை, தண்டு என எல்லாப் பகுதிகளிலும் கோல்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. அந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றோ வேறு உண்ணும் கிழங்கென்றோ எண்ணித் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும், பிறகு அந்த நஞ்சு உள்ளுறுப்புகளைப் பாதிக்கும். மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் மீட்பது கடினம். வெடித்த காய்க்குள் தெரியும் ஆரஞ்சு நிற விதைகள் குழந்தையின் கையை இழுக்கும் அழகுடையவை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டிலும், ஆடு மேய வரும் திறந்த நிலத்திலும் இதை வைக்கக் கூடாது என்பதே என் தீர்மானமான கருத்து. மற்றவர்கள் வைக்கலாம், கிழங்கைத் தொடும்போது கையுறை அணிய வேண்டும், காய் வெடிப்பதற்கு முன்பே பறித்துவிட வேண்டும்.

செம்முள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ, இலைக்கணுதோறும் கூர்முள், ஓரளவு நிழலையும் தாங்கும் உடல், மழைக்காலத்தில் ஒரு சாண் நீளக் குச்சியை வெட்டி ஊன்றினாலே வேர்விடும் எளிமை என்று வேலிக்கு வேண்டிய எல்லாம் அதனிடம் உண்டு. பல்வலிக்கு அதன் இலையை மென்ற பழக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. காய் முற்றினால் வெடித்து விதையைத் தூர எறிவதால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பாதையில் முளைத்த நாற்றுகளைப் பிடுங்க வேண்டியிருக்கும். நமக்கு இயல்பான இந்தச் செடி வட ஆஸ்திரேலியாவில் பெருங்களையாகிவிட்டதற்கும் இந்த இயல்பே காரணம். நடைபாதையை ஒட்டி வைத்தால் முள் சேலையைப் பிடிக்கும். சுற்றுச்சுவர் இல்லாத மனைக்கு நல்ல தேர்வு, முற்றத்துக்கு அன்று.

விஷ்ணுகிராந்தியை நான் கடைசியாகத்தான் கவனித்தேன். அதற்காக வருந்துகிறேன். தரையோடு தரையாகப் படர்ந்து, பட்டுப்போன்ற மெல்லிய மயிர் போர்த்திய சிறு இலைகளுக்கிடையே, சுண்டுவிரல் நகமளவு நீலப்பூ பூக்கும். காலையில் விரிந்து நண்பகலுக்குப் பின் மூடிவிடுவதால், வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் அந்தப் பூவை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பார்க்க முடியும். தனியாக வைத்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆவாரைகளுக்கு இடையிலுள்ள வெறுந்தரையில் அதுவாகப் பரவும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. காற்றில் பறக்கும் மேல்மணலைப் பிடித்து வைக்கிறது, செருப்புக்காலின் மிதியைத் தாங்குகிறது, மழை வந்த சில வாரங்களுக்குள் வேர்த்தலையிலிருந்து மறுபடியும் படர்கிறது. அதற்கு எரு போடவே கூடாது. நான் ஒருமுறை மக்கிய சாணத்தைத் தூவியபோது கோரையும் அருகும் கொழுத்து வளர்ந்து அதை மூடிவிட்டன. மலைக்காட்டிலிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவதும் வேண்டாம். காப்புக்காட்டில் அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பிடுங்கிய செடி பிழைப்பதும் அரிது. முற்றிய செடியை மண்ணோடு சேர்த்து வழித்தெடுத்து, உதிர்ந்த விதைகளுடன் கூடிய அந்த மேல்மண்ணை ஆடியில் நம் நிலத்தில் தூவுவதே நல்ல வழி. அதையும் வீட்டு மனைகளாகப் போகிற கரம்பிலிருந்து எடுத்தால் யாருக்கும் இழப்பில்லை.

தண்ணீரின் தரமும் இந்தத் தேர்வில் சேரும். தோல் பட்டறைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் பல கிணறுகள் உப்பேறியதும், அது உச்சநீதிமன்றம் வரை சென்று 1996-இல் தீர்ப்பானதும் நாம் அறிந்தவை. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், அதை நம்பி வளர வேண்டிய செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மணல் நிலத்தில் ஒரு நன்மை, நல்ல மழை பெய்தால் படிந்த உப்பு கீழே இறங்கிவிடும். எங்கள் தெருவின் உப்புநீரை ஆவாரை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. விஷ்ணுகிராந்தியின் இலைநுனி கருகியது. செங்காந்தளுக்கு அதை ஊற்றிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. முன்பு கத்தரியும் தக்காளியும் பயிரிட்ட மணல் நிலமாக இருந்தால், வேர்முடிச்சை உண்டாக்கும் நூற்புழு மண்ணில் தங்கியிருக்க இடமுண்டு. விதைப்பதற்கு முன் குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுவது நல்லது.

ஆகவே என் முடிவு இது. நாள் முழுவதும் வெயில் படும், அடிவரை மணலான, குழந்தைகள் ஓடியாடும் முற்றத்துக்கு, நான்கடி இடைவெளியில் ஆவாரையை விதையாக ஊன்றி, இடையில் விஷ்ணுகிராந்தியைப் படரவிடுவதே மற்றெல்லாவற்றையும்விட மேலானது. எங்கள் வீட்டில் இப்போது இருப்பதும் அதுவே. குழந்தைகள் வளர்ந்துவிட்ட வீட்டில், யாரும் கொத்தாத ஒரு மூலை இருந்து, குழி நீர் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடுமானால், அங்கே ஆவாரைப் புதரையே கொழுகொம்பாக்கிச் செங்காந்தளை ஏற்றலாம். மஞ்சளுக்கு நடுவே அந்தச் சிவப்பு எழும் கார்த்திகைக்காகக் காத்திருப்பது வீண்போகாது. களி தட்டுகிற மூலையில் செங்காந்தளை வைத்தே தீர வேண்டுமென்றால் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டிக்கொள்ள வேண்டும். செம்முள்ளி வேலியோரத்தோடு நிற்கட்டும்.

விதைக்காக எங்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் குடியாத்தம் சாலையிலும் ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்ப் பாதைகளிலும் ஆவாரங்காய்கள் தட்டையாகப் பழுப்பேறித் தொங்கும். கையில் எடுத்து ஆட்டினால் கலகலவென்று ஒலிப்பவை முற்றியவை. பொடித்துளை விழுந்தவற்றில் விதையை வண்டு தின்றிருக்கும். ஒரு செடியில் பாதிக் காயை அதற்கே விட்டுவிட்டு, ஐந்தாறு செடிகளிலிருந்து சிறிதுசிறிதாகப் பறித்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து துணிப்பையில் கட்டி வைத்தால் ஆடி வரை கெடாமல் இருக்கும்.